கூட்டம் மிகுந்த நாளில் திணறும் வழங்கி: பெரிய இயந்திரம் வாங்குவதா, இருப்பதைச் சீர்செய்வதா?

தென்மேற்குக் கரையில் மழை பெய்கின்ற மாதங்களில்தான் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும் என்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் நிரம்பிவிடும். அந்த விடுதிகளில் முப்பது அளவிலானவற்றுக்கும், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லும் படகுகளுக்கும் முன்பதிவு செய்து கொடுக்கும் இணையத்தளம் ஒன்றின் வழங்கியை, அதாவது அந்தத் தளம் குடியிருக்கும் சேர்வர் இயந்திரத்தை, பார்த்துக்கொள்வது என் வேலைகளுள் ஒன்று. பௌர்ணமிக்கான போயா விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ வந்து மூன்று நாள் ஓய்வு சேர்ந்துவிட்டால், அதற்கு முந்தைய புதன், வியாழன் இரவுகளில் அந்தத் தளம் திணறத் தொடங்கும். அறை தேடும் பக்கம் திறப்பதற்குப் பத்து, பதினைந்து விநாடிகள் எடுக்கும். சிலருக்கோ தரவுத்தளத்துக்கான இணைப்புகள் அளவை மீறிவிட்டன என்ற பிழைச்செய்தி மட்டுமே கிடைக்கும். "பிள்ளை, காசு கட்டலாம், எந்தச் சேர்வரை வாங்கவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று தளத்தின் உரிமையாளரான ஐயா என்னிடம் கேட்டது அப்படியான ஓர் இரவில்தான்.

அவர் கேட்டபடியே ஓர் இயந்திரத்தின் அளவைச் சொல்லிவிட்டு நான் உறங்கப் போயிருக்கலாம். ஆனால் முந்தைய ஆண்டும் அதையே செய்திருந்தோம். வாடகைக்கு வழங்கி தரும் நிறுவனம் ஒன்றின் ஆலோசனையை நம்பி, இரண்டு செயலிக் கருக்களும் (புரொசசர் கோர்) 4 ஜிகாபைட் நினைவகமும் கொண்டிருந்த இயந்திரத்தை விட்டு, நான்கு கருக்களும் 8 ஜிகாபைட்டும் கொண்ட இயந்திரத்துக்கு மாறியிருந்தோம். சில மாதங்கள் எல்லாம் நன்றாக இருந்தது. அடுத்த பருவகாலம் வந்ததும் அதே திணறல் திரும்பி வந்தது. இந்த வாடகை டொலரில் கட்டப்படுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது; பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. ஒரு சிறிய விடுதிக்காரருக்கு, வழங்கியை இரட்டிப்பாக்குவது என்பது இன்று இலேசான முடிவன்று.

இந்த நிலையில் ஒருவருக்கு முன்னால் இருக்கும் வழிகள் பல. இயந்திரத்தைப் பெரிதாக்கலாம், தரவுத்தளத்திடம் கேட்கப்படும் கேள்விகளான வினவல்களுள் தாமதமானவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தலாம், வழங்கி ஒரே நேரத்தில் ஏற்கும் வேலையின் அளவையும் தரவுத்தளத்தின் நினைவகப் பங்கையும் மாற்றி அமைக்கலாம், அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களைக் கேஷ் செய்து, அதாவது ஆயத்தமாகச் சேமித்து, வைக்கலாம், தரவுத்தளத்தைத் தனி இயந்திரத்துக்குக் கொண்டுபோகலாம். இவற்றுள் எதுவும் தன்னளவில் தவறான வழியன்று. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்கான மருந்து என்பதால், நோய் எதுவென்று தெரியாமல் மருந்துகளை ஒப்பிட முடியாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, தாமதம் வழங்கிக்குள் இருக்கிறதா, வழியில் இருக்கிறதா என்பதுதான். நம்மவர்களின் தளங்கள் பல சிங்கப்பூரிலுள்ள தரவு மையங்களில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீட்டர்; ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதால், ஒரு கேள்வி போய்ப் பதில் வர 27 மில்லிவிநாடியாவது ஆகும். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே எடுக்கும். மாலை நேரத்தில் கைப்பேசி வலையமைப்பில் நெரிசல் ஏற்பட்டால் அது இன்னும் பெருகும். எனவே ஒரே பக்கத்தை வழங்கிக்கு உள்ளே நின்று கர்ல் கட்டளையால் ஒரு தடவையும், வீட்டிலிருந்து ஒரு தடவையும் கேட்டு, முதல் பைட் வந்து சேர எடுத்த நேரத்தை ஒப்பிட வேண்டும். உள்ளே இருந்து கேட்டபோதும் 11 விநாடி எடுத்ததனால், எங்கள் விடயத்தில் குற்றம் வழியில் இல்லை என்பது உறுதியாயிற்று.

அடுத்து, வழங்கி எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வழங்கியின் சுமையைக் காட்டும் லோட் எவரேஜ் என்ற எண்ணைக் கண்டு பலர் பதறுகிறார்கள். லினக்ஸில் அந்த எண் செயலிக்காகக் காத்திருப்பவற்றோடு வட்டுக்காகக் காத்திருப்பவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது என்பதால், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செயலி, வட்டு, நினைவகம் ஆகியவற்றின் நிலையை நிரல்களாக (கொலம்) காட்டும் வீஎம்ஸ்டாட் கட்டளையை விநாடிக்கு ஒரு தடவை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்ப்பது இதைவிடப் பயன்தரும். யூஎஸ் என்ற நிரல் 90க்கு மேல் நின்றால் செயலி முழுமூச்சாக உழைக்கிறது என்று பொருள். டபிள்யூஏ உயர்ந்தால் வட்டுக்காகக் காத்திருக்கிறது. எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு நிரல்களும் பூச்சியமாக இல்லாமல் துள்ளிக்கொண்டே இருந்தால், நினைவகம் போதாமல் அதிலுள்ளவற்றை வட்டுக்கு மாற்றும் ஸ்வப் நடக்கிறது. எஸ்டி உயர்ந்தால், நீங்கள் வாடகை கட்டிய செயலி நேரத்தை அதே பெட்டியிலுள்ள அயலவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்; அந்த நிலையில் உங்கள் செய்நிரலில் எதைத் திருத்தினாலும் பயன் குறைவு, இடம் மாறுவதுதான் வழி. இவை எல்லாம் தாழ்வாக இருந்தும் பக்கம் தாமதமானால், வேறொரு வினவல் பிடித்திருக்கும் பூட்டுக்காகவோ வெளியிலுள்ள வேறொரு சேவைக்காகவோ வழங்கி சும்மா காத்திருக்கிறது. கட்டணம் அறவிடும் வெளிச்சேவையின் பதிலுக்கு நேர எல்லை வைக்காமல் எழுதப்பட்ட ஒரேயொரு வரி, அந்தச் சேவை தடுமாறும் நாளில் முழுத் தளத்தையும் நிறுத்திவிடக்கூடும்.

எங்கள் வழங்கியில் யூஎஸ் 95ஐத் தொட்டு நின்றது, டபிள்யூஏ ஏறக்குறைய இல்லை, எஸ்ஐயும் எஸ்ஓவும் இடையிடையே துள்ளின. செயலி வேலை செய்துகொண்டிருந்தது. எதற்காக என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் பெரிய இயந்திரம் என்ற வழி கவர்ச்சியாகத் தோன்றுவது இயல்பே. செயலி போதவில்லை என்றால் செயலியைக் கூட்டுவதுதானே நியாயம்? அதன் பெரிய நன்மை, அது உடனே நடக்கும் என்பது. செய்நிரலில் ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை, பழையதை எழுதியவர் நாட்டை விட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் வேலை எந்த விகிதத்தில் வளர்கிறது என்று தெரியாமல் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், முந்தைய ஆண்டு எங்களுக்கு நேர்ந்ததே நேரும். அதைக் காட்டுவதற்கு அந்த இரவில் நான் கண்டதை அப்படியே சொல்ல வேண்டும்.

எங்கள் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎலுக்குள் நுழைந்து, அந்த நேரத்தில் ஓடும் வினவல்களைப் பட்டியலிடும் ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட் என்ற கட்டளையைத் தட்டியபோது, திரை நிறைய ஏறக்குறைய ஒரே வினவல் வரிவரியாக நின்றது. விடுதியின் எண் மட்டும் ஒவ்வொரு வரியிலும் மாறியிருந்தது. அறைகளின் நிலையை வைத்திருக்கும் அட்டவணையில் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிரை (ஒரு கிடைவரிசை) இருக்கிறது. முப்பது விடுதிகள், சராசரியாகப் பதினைந்து அறைகள், 365 நாட்கள் என்றால் ஆண்டுக்கு 1,64,250 நிரைகள் சேரும். பழையவற்றை யாரும் அகற்றவில்லை என்பதால் இரண்டாவது ஆண்டின் முடிவில் அது 3,28,500 ஆகியிருந்தது. ஒருவர் ஒரு தேதியைக் கொடுத்துத் தேடினால், செய்நிரல் முதலில் விடுதிகளின் பட்டியலை எடுத்து, பிறகு ஒவ்வொரு விடுதிக்கும் தனித்தனியாக அந்த அட்டவணையைக் கேட்டது. அப்படிக் கேட்கும்போது, நாளும் நேரமும் சேர்ந்த நிரலை தேதியை மட்டும் பிரித்துத் தரும் டேட் என்ற சார்புக்குள் (ஃபங்ஷன்) போட்டு, வெளிவந்த தேதியை ஒப்பிட்டது.

பார்வைக்கு எந்தக் குற்றமும் தெரியாத வரி அது. ஆனால் ஒரு நிரலைச் சார்புக்குள் போட்டுவிட்டால், அந்த நிரலின் மேல் நிரைகளை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் சாதாரண இன்டெக்ஸ் இருந்தாலும் அது அந்த ஒப்பீட்டுக்குப் பயன்படாது; இன்டெக்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருப்பவை நிரலின் மதிப்புகளே தவிர, சார்பு தரும் விடைகளல்ல. விடுதி எண்ணின் மேலாவது இன்டெக்ஸ் இருந்திருந்தால் தேடல் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அது விடுதி அட்டவணையைச் சுட்டும் அயற்சாவி என்று அறிவித்திருந்தால், மைஎஸ்கியூஎலின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி அந்த இன்டெக்ஸைத் தானாகவே அமைத்திருக்கும். அதையும் எழுதியவர் அறிவிக்கவில்லை. வினவல் எப்படி நிறைவேறும் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்த்தபோது டைப் என்ற இடத்தில் ஆல் (முழு அட்டவணை) என்றும், நிரைகள் என்ற இடத்தில் 3 இலட்சத்துக்கு மேலும் காட்டியது. மூன்று இரவுகளுக்குப் பதினைந்து அறைகளின் நிலையை, அதாவது 45 நிரைகளை அறிவதற்கு, தரவுத்தளம் முழு அட்டவணையையும் நடந்து முடித்தது. அதையும் ஒரு தேடலுக்கு முப்பது தடவை செய்தது. அட்டவணை முழுவதும் நினைவகத்திலேயே இருந்தபடியால் வட்டு அமைதியாக இருக்க, செயலி மட்டும் வெந்துகொண்டிருந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நடைக்குச் சுமார் 0.2 விநாடி என்றால், ஒரு தேடலுக்கு 6 விநாடி செயலி நேரம் வேண்டும். நான்கு கருக்களும் வேறெந்த வேலையும் செய்யாமல் உழைத்தால் நிமிடத்துக்கு 40 தேடல்களை முடிக்கும். முந்தைய ஆண்டு அட்டவணை பாதியளவு இருந்தபோது ஒரு தேடலுக்கு 3 விநாடி போதுமாயிருந்தது; இரண்டு கருக்கள் அதே 40 தேடல்களை முடித்தன. அதாவது இயந்திரம் இரட்டிப்பானது, நிரைகளும் இரட்டிப்பாயின, நிமிடத்துக்கு 40 என்ற எல்லை நின்ற இடத்திலேயே நின்றது. ஐயா ஓர் ஆண்டு முழுவதும் இரு மடங்கு வாடகை கட்டி வாங்கியது அந்த அசையாத எண்ணைத்தான். இன்னுமொரு தடவை இரட்டிப்பாக்கி எட்டுக் கருக்கள் வாங்கியிருந்தால் எல்லை 80 ஆகியிருக்கும். நிரைகள் மேலும் பெருகப் பெருக அதுவும் தேய்ந்திருக்கும்.

திருத்தம் இரண்டு பகுதிகளாக அமைந்தது. டேட் சார்பை நீக்கிவிட்டு, இன்ன நாளின் நள்ளிரவுக்குச் சமமாகவோ பின்னாகவோ, இன்ன நாளின் நள்ளிரவுக்கு முன்னாக என்று நிரலையே நேரடியாக ஒப்பிடும்படி வினவலை மாற்றினேன். விடுதி எண், நாள் என்ற இரண்டையும் அந்த ஒழுங்கிலேயே கொண்ட ஒரு கூட்டு இன்டெக்ஸை அமைத்தேன். ஒழுங்கு இங்கே முக்கியம்: சமம் என்று ஒப்பிடப்படும் நிரல் முன்னாலும், இதிலிருந்து இதுவரை என்று ஒப்பிடப்படும் நிரல் பின்னாலும் நிற்க வேண்டும், மாற்றி வைத்தால் அந்தத் தேதிகளுக்குரிய எல்லா விடுதிகளின் பதிவுகளையும் கடந்தே இன்டெக்ஸில் நடக்க நேரும். வினவலைத் தொட முடியாத நிலையிலிருப்பவர்களுக்கு மைஎஸ்கியூஎல் 8.0.13 முதல் சார்பின் மேலேயே இன்டெக்ஸ் அமைக்கும் வசதியும் உண்டு. மாற்றத்துக்குப் பின் எக்ஸ்பிளெய்ன் காட்டிய நிரைகளின் எண்ணிக்கை நூறுக்கும் குறைவு. முப்பது வினவல்களும் சேர்ந்து 0.1 விநாடிக்குள் முடிந்தன. தளத்தின் செய்நிரல் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி தன் பங்குக்கு எடுப்பதையும் சேர்த்து ஒரு தேடல் 0.2 விநாடி என்று வைத்துக்கொண்டால், அதே நான்கு கருக்கள் நிமிடத்துக்கு 1,200 தேடல்களைத் தாங்கும். நாற்பதுக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் உள்ள இடைவெளியை எந்த வாடகையாலும் வாங்கியிருக்க முடியாது. முப்பது வினவல்களை ஒன்றாக்குவதைப் பின்னர் ஆறுதலாகச் செய்தோம்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒவ்வோர் இன்டெக்ஸும் வட்டில் இடம் பிடிக்கும். புதிய நிரை எழுதப்படும் ஒவ்வொரு தடவையும் அதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதால், எல்லா நிரல்களுக்கும் இன்டெக்ஸ் போடுவது இன்னொரு தாமதத்தைக் கொண்டுவரும். செய்நிரலைத் திருத்த ஆள் வேண்டும், சோதித்துப் பார்க்க நேரம் வேண்டும். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதும் எப்போதும் இவ்வளவு எளிதாக இருக்காது. மைஎஸ்கியூஎலின் ஸ்லோ குவெரி லாக் இயல்பாக 10 விநாடிக்கு மேற்பட்ட வினவல்களை மட்டுமே பதியும். எங்களுடையவை ஒவ்வொன்றும் அரை விநாடிக்குள் முடிந்தவை. ஆகவே அந்தப் பதிவேடு வெறுமையாக இருந்தது, அதைப் பார்த்த முந்தைய பராமரிப்பாளர் தரவுத்தளத்தில் குறையில்லை என்று எழுதிவைத்துப் போயிருந்தார். அந்த எல்லையை நெரிசல் நேரத்தில் 20 நிமிடம் மட்டும் 0.1 விநாடியாகக் குறைத்து, கிடைத்ததைப் பெர்கோனா கருவித்தொகுதியிலுள்ள பிடி-குவெரி-டைஜெஸ்ட் மூலம் தொகுத்துப் பார்க்க வேண்டும். மிக நீண்ட வினவலைத் தேடுவதைவிட, எண்ணிக்கையையும் நேரத்தையும் பெருக்கினால் எது முதலிடத்தில் நிற்கிறது என்று தேடுவதே சரி.

எஸ்ஐ, எஸ்ஓ நிரல்கள் துள்ளியதற்குக் காரணம் வேறு. பிஎச்பி செய்நிரலை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் ஒரே நேரத்தில் 120 வேலைச் செயல்முறைகள் வரை இயக்கலாம் என்று யாரோ முன்பு உயர்த்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 60 மெகாபைட் பிடித்தால் 120க்கு 7,200 மெகாபைட் வேண்டும். 8 ஜிகாபைட் இயந்திரத்தில் தரவுத்தளமும் குடியிருக்கிறது. நெரிசல் வந்ததும் நினைவகம் நிரம்பி ஸ்வப் தொடங்கும்; ஸ்வப் தொடங்கினால் ஒவ்வொரு கோரிக்கையும் இன்னும் நீளும்; நீண்டால் இன்னும் பல செயல்முறைகள் ஒரே நேரத்தில் உள்ளே நிற்கும். ஜோன் லிட்டில் 1961 இல் நிறுவிய வரிசைக் கோட்பாட்டு விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: உள்ளே நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வருகின்ற வீதத்தையும் ஒருவர் உள்ளே செலவிடும் நேரத்தையும் பெருக்கியதாகும். விநாடிக்கு 20 கோரிக்கைகள் வந்து ஒவ்வொன்றும் 0.25 விநாடியில் முடிந்தால் உள்ளே 5 பேர். அவையே 3 விநாடி எடுத்தால் 60 பேர். செயல்முறைகள் போதவில்லை என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலும் குறைந்திருப்பது வேகம்தான்.

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன், 2009 வரை, பாதை எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதை ஒரு தடவையில் ஏற்றக்கூடிய வாகனங்கள் இவ்வளவுதான்; கரையில் வரிசையை நீட்டினால் பாதை விரைந்து ஓடாது, ஏற்றக்கூடியதற்கு மேல் ஏற்றினால் எல்லோருக்கும் ஆபத்து. அதேபோல, வெளியே சிறிது காத்திருந்து உள்ளே விரைவாக முடிவது, எல்லோரையும் ஒரேயடியாக உள்ளே விட்டு ஒருவரும் முடியாமல் நிற்பதைவிட நல்லது. இயங்குதளத்துக்கு 1 ஜிகாபைட், தரவுத்தளத்துக்கு 3 ஜிகாபைட் என்று முதலில் ஒதுக்கினால், மீதி 4 ஜிகாபைட்டில் 60 மெகாபைட் வீதம் 68 செயல்முறைகளே கொள்ளும். நான்கு கருக்களுக்கு அதுவும் அதிகம் என்பதால் 32 என்று வைத்தேன். ஸ்வப் நின்றது. இணைப்புகள் மிகுந்துவிட்டன என்ற பிழையும் அதனோடு நின்றது: ஒவ்வொரு செயல்முறையும் இரண்டு இணைப்புகளைத் திறந்ததால் 120 செயல்முறைகள் 240 இணைப்புகளைக் கேட்டன, மைஎஸ்கியூஎலின் இயல்பான எல்லையோ 151. அந்த எல்லையை 500 ஆக உயர்த்தும்படி வாடகை நிறுவனத்தின் உதவி மேசை சொல்லியிருந்தது. உயர்த்தியிருந்தால் பிழைச்செய்தி மறைந்து தாமதம் மட்டும் பெருகியிருக்கும். நோயாளியின் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பான ஆலோசனை அது.

அமைப்பு மாற்றங்களுள் பணமே செலவாகாமல் பெரும் பயன் தரக்கூடியது, தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இன்னோடிபி பஃபர் பூல். அதன் இயல்பான அளவு 128 மெகாபைட் மட்டுமே. தரவும் இன்டெக்ஸும் சேர்ந்து அதைத் தாண்டியதும் தரவுத்தளம் 16 கிலோபைட் பக்கங்களை வட்டிலிருந்து திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கும். டபிள்யூஏ உயர்ந்து நிற்கும் வழங்கிகளில் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். மைஎஸ்கியூஎல் 5.7 முதல் வழங்கியை நிறுத்தாமலே இதை மாற்றலாம். இதற்கு நேர்மாறாக, எழுதும் வேகத்தைக் கூட்டுவதற்காக இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிரான்ஸாக்ஷன் கமிட் என்ற அமைப்பை 1 இலிருந்து 2 ஆக்கச் சொல்லும் அறிவுரையும் அடிக்கடி காதில் விழும். அப்படி மாற்றினால், மின்சாரம் போகும்போதோ இயங்குதளம் வீழும்போதோ கடைசி ஒரு விநாடியளவு பதிவுகள் தொலையக்கூடும். வாசகர் எண்ணிக்கையைப் பதியும் தளத்துக்கு அது சரியாக இருக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு அறை கொடுக்கும் தளத்துக்கு நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேஷ் என்ற வழியை எடுத்துக்கொண்டால், அதன் வல்லமையை மறுக்க முடியாது. 2003 இல் லைவ்ஜர்னல் தளத்தின் சுமையைத் தாங்குவதற்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் மெம்கேஷ்டி என்ற கேஷ் மென்பொருளை உருவாக்கினார். அன்று முதல் பெரிய தளங்கள் பலவும் இந்த வழியில்தான் நிற்கின்றன. விடுதிகளின் விவரணம், படங்கள், படகுகளின் நேர அட்டவணை, கன்னியா வெந்நீரூற்றுக்கும் கோணேசர் கோவிலுக்கும் போகும் வழி போன்ற பக்கங்கள் நாளுக்கொரு தடவைகூட மாறுவதில்லை. அவற்றை, வருவோருக்குப் பக்கங்களை அனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸ் ஒரு மணிநேரம் கேஷில் வைத்திருந்து கொடுத்தால் பிஎச்பியையும் தரவுத்தளத்தையும் எழுப்பவே வேண்டியதில்லை. ஆனால் அறை இருக்கிறதா இல்லையா என்ற விடையைக் கேஷ் செய்தால், நிரம்பிய அறையை இன்னொருவருக்கும் காட்ட நேரும். நெடுந்தூரம் பயணம் செய்து நள்ளிரவில் வந்திறங்கும் குடும்பத்துக்கு அறை இல்லை என்று சொல்லும் நிலை, பக்கம் பத்து விநாடி தாமதமாவதைவிட மோசமானது. கேஷ் காலாவதியாகும் கணத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தால், பழைய தாமதமான வினவல் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குற்றமுள்ள வினவலை மூடி மறைக்கும் துணியாகக் கேஷைப் பயன்படுத்துவதை நான் எதிர்ப்பது இதனால்தான். மைஎஸ்கியூஎல் தனக்குள்ளேயே வைத்திருந்த குவெரி கேஷ் இதிலிருந்து வேறானது: ஓர் அட்டவணையில் ஒரு நிரை மாறினாலும் அந்த அட்டவணை சார்ந்த எல்லா விடைகளையும் அது வீசிவிடும் என்பதால், எழுதுதல் மிகுந்த தளங்களில் பயனைவிடச் சுமையே மிகுந்தது, 8.0 பதிப்பில் அதை முற்றாக நீக்கிவிட்டார்கள். அதை இயக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம்.

கேஷைப் பற்றி முடிவெடுக்கும் முன் அணுகல் பதிவேட்டைத் திறந்து, வருவோர் மனிதர்கள்தானா என்று பார்ப்பது நல்லது. நாட்காட்டியில் அடுத்த மாதம் என்ற இணைப்பு முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் தளங்களில், தேடுபொறிகளின் ஊர்தல் செய்நிரல்கள் பத்து ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள மாதங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்கும். எங்கள் தளத்திலும் தேடல் பக்கத்துக்கு வந்தவற்றுள் கணிசமானவை அப்படிப்பட்டவை. ஊர்தல் செய்நிரல்களுக்கு எல்லை சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ஒரு வரி, நாட்காட்டிக்கு 18 மாத எல்லை, இரண்டும் போதுமாயிருந்தன.

தரவுத்தளத்தைத் தனி இயந்திரத்தில் வைப்பது, வாசிப்புக்கென்று பிரதி வைப்பது என்பவற்றைப் பற்றி நீண்டு பேச இந்த அளவுத் தளத்தில் காரணமில்லை. மைஎஸ்கியூஎலின் பிரதி இயல்பாகவே சற்றுப் பின்தங்கி வரும்; இப்போதுதான் பதிவு செய்தவர் தன் பதிவைப் பிரதியில் தேடினால் காணாமல் திகைப்பார். தனி இயந்திரத்துக்கு மாற்றினால், உள்ளேயே முடிந்த உரையாடல் வலையமைப்பைக் கடக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 200 வினவல்கள் கேட்கும் செய்நிரலில், தடவைக்கு அரை மில்லிவிநாடி சேர்ந்தாலும் 100 மில்லிவிநாடி கூடும். வினவல்கள் திருத்தப்பட்டு, கேஷும் அமைந்து, அதன் பின்னும் செயலி நிறைந்து நிற்கும் தளங்களே இந்த வழிக்குரியவை.

ஆகவே நான் ஐயாவிடம் சொன்ன ஒழுங்கு, வினவல் முதலில், செயல்முறை எண்ணிக்கையும் பஃபர் பூலும் அதே வாரத்தில், மாறாத பக்கங்களுக்குக் கேஷ் அடுத்த மாதம், இயந்திரத்தின் அளவு பருவகாலம் முடிந்த பின் என்பதாகும். ஆனால் இந்த ஒழுங்கு ஓகஸ்ட் நடுவில் கண்விழிப்பவருக்குப் பொருந்தாது. இரண்டு நாளில் நீண்ட விடுமுறை வருகிறது, செய்நிரலைத் தொட ஆளில்லை என்றால் பெரிய இயந்திரத்தை எடுப்பதே அறிவுடைமை. அந்த இரண்டு வாரக் கூடுதல் வாடகை, இழக்கும் பதிவுகளைவிடக் குறைவு. அப்படி எடுக்கும்போது மணிக்கணக்கில் வாடகை எடுக்கும் சேவையாகப் பார்த்து, செயலியையும் நினைவகத்தையும் மட்டும் உயர்த்த வேண்டும். வட்டையும் சேர்த்து உயர்த்தினால், பல சேவைகளில் பழைய சிறிய அளவுக்குத் திரும்ப வழியிருக்காது. ஒக்ரோபரில் மழை தொடங்கி விடுதிகள் வெறுமையான பின்னும் பெரிய இயந்திரத்தின் வாடகையே வந்துகொண்டிருக்கும். இன்டெக்ஸ் சேர்ப்பதையும் நெரிசல் நேரத்தில் செய்யக்கூடாது: இன்னோடிபியில் அட்டவணை திறந்திருக்கும்போதே அதைச் சேர்க்கலாம் என்றாலும், முடிவுறாத ஒரு பழைய பரிமாற்றம் (டிரான்ஸாக்ஷன்) அந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருந்தால், இன்டெக்ஸ் கட்டளை அதற்காகக் காத்திருக்க, அதன் பின்னால் வரும் எல்லா வினவல்களும் வரிசையில் நின்றுவிடும். நான் அதைச் செய்தது அதிகாலை மூன்றரை மணிக்கு, பிராசஸ்லிஸ்டை இன்னொரு சாளரத்தில் திறந்து வைத்துக்கொண்டு. பன்னிரண்டு விநாடிகளில் முடிந்தது.